ஜனவரி ஒன்றில் பிறந்த ஊர்

அந்த ஊரில் முக்கால்வாசிப் பேர் ஜனவரி ஒன்றாம் தேதி பிறந்தவர்கள். மருத்துவமனைப் பதிவேட்டைப் புரட்டினால், தாய்மார்கள் எல்லாம் அன்றைக்கு வரிசையில் நின்று பெற்றுப் போட்டார்களோ என்று தோன்றும். உண்மை என்னவென்றால், பதிவு ஜன்னலில் உட்கார்ந்திருந்த குமாஸ்தாவுக்குப் பொறுமை கம்மி. "எப்போ பொறந்தீங்க?" என்றால் "நல்ல மழை அன்னிக்கு" என்பார்கள். சிலர் "அம்மாவைத்தான் கேக்கணும்" என்பார்கள். அம்மா போய் முப்பது வருஷம் ஆகியிருக்கும். அவர் ஜனவரி ஒன்று என்று எழுதி, முகத்தைப் பார்த்து வயதை ஐந்து பத்தாக முழுசாக்கி, அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிடுவார். முப்பத்தோரு வருஷம் இப்படிப் பிரம்மா வேலை பார்த்தார். ஒரு குறையும் வந்ததில்லை.

போன வருஷம் நகரத்துப் பெரிய மருத்துவமனைக் குழுமம் இந்த இருபது கட்டில் மருத்துவமனையைத் தன்னோடு சேர்த்துக்கொண்டது. கட்டடத்தைவிட அகலமாக ஒரு பலகை வந்தது. பிரசவ வார்டு போனது. பதிவேடு முழுக்கக் கம்ப்யூட்டருக்குள் போனது. கண் அறுவை சிகிச்சையும் இன்றோடு கடைசி. நாளையிலிருந்து நாலு மணி நேரப் பஸ் தூரத்தில் இருக்கும் தலைமை மருத்துவமனையில்தான்.

இன்றைய பட்டியலில் கடைசிப் பெயர் குமாஸ்தாவின் அக்கா. வலது கண் சின்ன வயதிலேயே போனது. மிச்சமிருந்த இடது கண்ணில் புரை முற்றி, தம்பியைக்கூட இருமலை வைத்துத்தான் அடையாளம் கண்டாள்.

அவள் எண்ணைத் தட்டியதும் திரை சிவந்தது: இடது கண், சிகிச்சை முடிந்தது.

"முடிஞ்சுதா? என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலையேடா," என்றாள் அக்கா.

கண் டாக்டர் எட்டிப் பார்த்தார். முகம் நாலு நாள் தூங்காத முகம். "பச்சை வந்தாத்தான் லென்ஸ் அலமாரி திறக்கும்ங்க. அலமாரியை ஏத்திட்டுப் போகப் பன்னெண்டுக்கு வண்டி வந்துடும்."

குமாஸ்தா தலைமை மருத்துவமனைக்குப் போன் போட்டார். நாற்பது நிமிஷம் சங்கீதம். அதைக் கேட்டே மனுஷனுக்கு ரெண்டு வயது கூடிப்போனது. கடைசியில் ஒரு பெண் பேசினாள்.

"சார், உங்க ஊர்த் தையல்காரர் மனைவிக்கும் இவங்களுக்கும் ஒரே பேர், ஒரே பிறந்த தேதி. சிஸ்டம் ஒரே ஆள்னு சேர்த்துடுச்சு. அவங்களுக்குப் போன மாசம் இடது கண் ஆபரேஷன் ஆயிடுச்சே."

"ரெண்டு பேரும்மா! இது என் கூடப்பொறந்த அக்கா!"

"அப்போ தேதி தப்பு சார். யார் போட்டது?"

"நான்தாம்மா."

"சரியான தேதியைச் சொல்லுங்க."

அவர் போனைப் பொத்திக்கொண்டார். "அக்கா, நீ எப்போ பொறந்தே?"

"உனக்கு நாலு வருஷம் முன்னாடி."

"நான் எப்போ பொறந்தேன்?"

"எனக்கு நாலு வருஷம் கழிச்சு."

மணி பதினொன்றே முக்கால்.

"இன்னிக்குத் தேதியையே போடேண்டா," என்றாள் அக்கா. "மறக்காம இருக்கும்."

இன்றைய நாளையும் மாதத்தையும் சொன்னார். திரை பச்சையானது. குமாஸ்தா எழுந்தே விட்டார். அதற்குள் கீழே இன்னொரு வரி முளைத்தது: புதிய நோயாளி. அறுவை சிகிச்சை தலைமை மருத்துவமனையில் மட்டும்.

"பழைய நம்பர் தையல்காரர் மனைவிக்குப் போயிடுச்சு சார்," என்றாள் அந்தப் பெண். அவள் குரலும் களைத்திருந்தது. "இவங்க இன்னிக்குத்தான் சேர்ந்திருக்காங்க."

வெளியே ஹாரன் அடித்தது. டாக்டர், "மன்னிச்சிடுங்கம்மா," என்று தலைத்தொப்பியைக் கழற்றினார். அக்காவுக்கு என்று வந்திருந்த லென்ஸ், பூட்டிய அலமாரிக்குள் இருந்தபடியே வண்டியேறியது.

குமாஸ்தா பதிவு ஜன்னலைச் சாத்தினார். பகல் நேரத்தில் அதைச் சாத்தியதே இல்லை.

"கிளம்பு அக்கா. பஸ்ஸைப் பிடிக்கணும்."

"இன்னிக்குப் பொறந்த புள்ள தானா நடக்குமா? கையைப் பிடிடா."

பிடித்துக்கொண்டார். வாசலில் அவள் நின்றாள். "படி எத்தனை?"

"மூணு."

"நிஜமா மூணா, இல்ல நீயா போட்ட கணக்கா?"

குமாஸ்தா குனிந்து எண்ணிப் பார்த்தார். நாலு இருந்தது.