ஏலக்காய் ஆவி

தலைவலி என்று யாராவது வாயைத் திறந்தால் போதும், போடியில் மஸ்தான் வீட்டு அடுப்பில் தண்ணீர் ஏறிவிடும். ஒரு கை ஏலக்காயைத் தட்டிப் போட்டு, ஆளைக் குனியவைத்து, போர்வையை மூடி ஆவி பிடிக்க விடுவார்கள். பரம்பரையாக ஏலக்காய் வியாபாரம் பார்க்கிற குடும்பம். காய்ச்சலுக்கும் அதுதான் மருந்து, கவலைக்கும் அதுதான் மருந்து.

அந்தப் போர்வைக்குள் அதிகம் வெந்தவள் மஸ்தானின் தம்பி மகள் ஷம்னா. பன்னிரண்டாம் வகுப்பு. ஒரு பக்கத் தலை விண்விண்ணென்று தெறிக்கும், வெளிச்சம் பட்டால் கண் கூசும். ஆவி பிடிக்கப் பிடிக்கக் குமட்டி வாந்தி எடுப்பாள். "பித்தம் இறங்குது, நல்லதுதான்" என்பார் மஸ்தான். அப்புறம் மெடிக்கலில் வாங்கிய வலி மாத்திரை ஒன்று.

அரையாண்டுத் தேர்வில் இரண்டு பாடத்தை அவளால் எழுத முடியாமல் போனது. மஸ்தான் தீர்ப்புச் சொல்லிவிட்டார். "படிக்கப் பிடிக்கலைன்னா தலைவலி வராம என்ன செய்யும்? பரீட்சையும் வேணாம் ஒண்ணும் வேணாம், வீட்டோட இருக்கட்டும்." ஷம்னாவின் அத்தாவும் மஸ்தானின் தம்பியுமான சர்ஃபராஸ், அண்ணன் பேச்சுக்கு மறுபேச்சுப் பேசியே பழக்கமில்லாதவர். அவர் மனைவி மதீனாவும் அதுவரை அப்படித்தான் இருந்தாள்.

ஆனால் மகள் இருட்டறையில் சுருண்டு கிடந்து, "நான் பரீட்சை எழுதணும்மா" என்று அழுததைப் பார்த்ததும் மதீனா முடிவு செய்துவிட்டாள். மறுநாள் விடிந்ததும் யாரிடமும் கேட்காமல் மகளை மதுரை பஸ்சில் ஏற்றினாள்.

மதுரையில் நரம்பு டாக்டரம்மா ஷம்னாவிடமே எல்லாவற்றையும் கேட்டார். கண்ணில் விளக்கடித்துப் பார்த்தார், நடக்கவைத்துப் பார்த்தார்.

"வலி வந்தா வீட்ல என்னம்மா செய்வீங்க?"

"ஏலக்காய் ஆவி பிடிப்போம்."

"கேக்குதா?"

ஷம்னா அம்மாவை ஒருமுறை பார்த்துவிட்டுத் தலை குனிந்துகொண்டாள். "வலி கூடத்தான் செய்யும். வலி வந்த நேரம் அந்த வாசம் பட்டாலே மண்டை பிளந்துரும்."

"அத வீட்ல சொல்லலாமில்ல?"

"எங்க வீட்ல ஏலக்காய் ஆகலைன்னு எப்பிடிச் சொல்றது டாக்டர்?"

மதீனா தன் கைகளைப் பார்த்துக்கொண்டாள். போர்வையை இறுக்கிப் பிடித்தது அவள் கைதானே.

"இதுக்குப் பேரு மைக்ரேன்" என்றார் டாக்டரம்மா. "நடிப்பும் இல்ல, பித்தமும் இல்ல. வராம இருக்கத் தினமும் ஒரு மாத்திரை. வலி தொடங்கினதுமே போட இன்னொண்ணு. அந்தப் பழைய வலி மாத்திரைய அடிக்கடி போட்டா அதுவே தலைவலியக் கொண்டாந்துரும், விட்டுருங்க. நேரத்துக்குச் சாப்பாடு, தூக்கம். காட்டமான வாசம் பக்கத்துல வேணாம்."

"பரீட்சை?" என்று இழுத்தாள் மதீனா.

"எழுதட்டும். யாரு வேணாம்னா?"

அந்தப் பதிலை மடியில் கட்டிக்கொண்டு வந்ததுபோல மதீனா வீட்டுக்குள் நுழைந்தாள். மஸ்தான் வாசலிலேயே நின்றிருந்தார்.

"மச்சான், இனிமே எம்புள்ளைக்கு ஆவி கிடையாது. அவ ரூமுக்குப் பக்கத்துல அடுக்கியிருக்க காய் மூட்டையெல்லாம் குடோனுக்குப் போகணும். இன்னைக்கே."

"ஏலக்காய் வாசம் ஆகாதாமா? இந்த வீட்லயா?"

"இந்த வீட்லதான்."

மஸ்தான் தம்பியைப் பார்த்தார். சர்ஃபராஸ் விறுவிறுவென்று மாடியேறிப் போய், முதல் மூட்டையைத் தோளில் தூக்கிக்கொண்டு இறங்கினார். மூட்டை நேரே வந்ததால் மஸ்தான் வழிவிட வேண்டியதாயிற்று. மனுசன் முதல்முறையாக அண்ணனை எதிர்த்தார், அதுவும் வாயைத் திறக்காமலே. மதீனாவுக்குப் பெருமை பிடிபடவில்லை.

மாத்திரை உடனே கேட்டுவிடவில்லை. முதல் சில வாரம் வலி வந்தபடிதான் இருந்தது, மஸ்தானும் மீசைக்குள் சிரித்தபடிதான் இருந்தார். மதீனா மறுபடி மதுரைக்குப் போனாள். டாக்டரம்மா மருந்தின் அளவைக் கூட்டினார். அப்புறம் வலி இடைவெளி விட்டு வந்தது, வந்தாலும் வெரசாக அடங்கியது. ஷம்னா புத்தகத்தைத் திறந்தாள்.

இயற்பியல் பரீட்சையன்று காலையில் பாழாய்ப்போன வலி எட்டிப்பார்த்தது. "வருதும்மா" என்று சொல்லிவிட்டு ஷம்னா மாத்திரையைப் போட்டு, கண்ணை மூடிக் கொஞ்ச நேரம் படுத்தாள். போகாதே என்று சொல்ல வந்த மதீனா நாக்கைக் கடித்துக்கொண்டாள். மகள் எழுந்தாள், இட்லியைத் தின்றாள், கிளம்பிவிட்டாள்.

பரீட்சை முடிகிற நேரத்துக்கு, மதீனா காத்து நின்ற பள்ளிக்கூட வாசலில் மஸ்தானின் ஜீப்பு வந்து நின்றது. "மயங்கிக் கியங்கி விழுந்துட்டா தூக்கிட்டுப் போகணும்ல" என்றார். மதீனா கேட்டையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

பிள்ளைகள் வெளியே வந்தார்கள். உச்சி வெயிலில் ஷம்னாவும் வந்தாள், ஏதோ ஒரு கணக்குக்கு விடை சொல்லித் தோழியோடு சண்டை போட்டுக்கொண்டு.

"வலிச்சதா ஆத்தா?" என்றாள் மதீனா.

"ஓரமா இருந்துச்சு. அதுபாட்டுக்கு இருக்கட்டும்னு நான் எல்லாத்தையும் எழுதிட்டேன்."

மஸ்தான் ஜீப்புக் கதவைத் திறந்தார். "ஏறு தாயி."

"நீங்க போங்க பெரியத்தா. எனக்குச் சோலி இருக்கு, இவளுக்கு அந்தக் கணக்கப் புரியவைக்கணும். நடந்தே வர்றேன்."

அவர்கள் சண்டையை விட்ட இடத்தில் பிடித்துக்கொண்டு நடந்தார்கள். மதீனாவுக்குக் கண்ணீரும் சிரிப்பும் சேர்ந்து வந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு, திறந்திருந்த கதவு வழியே ஏறி முன்சீட்டில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தாள்.

"வண்டிய எடுங்க மச்சான்" என்றாள்.