ஸ்டெபிலைசர் என்று விட்டுவந்த பெட்டி

தையல்காரம்மாவின் கணவருக்கு மைக்காரர் என்று பெயர். பேருந்து நிலையத்தில் எந்த வண்டி எந்த வரிசையில் நிற்கிறது என்று மைக்கில் சொல்வதுதான் அவர் பார்த்த வேலை. தொண்டையில் வந்த கட்டிக்காகக் குரல்வளையையே எடுத்துவிட்டார்கள்; அதற்குப் பிறகும் பெயர் மட்டும் போகவில்லை. மனிதர் இப்போது நன்றாகத்தான் இருக்கிறார். சாப்பிடுகிறார், நடக்கிறார், பிடிக்காத சட்டையை எடுத்துக் கொடுத்தால் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்கிறார். பேச்சு மட்டும் கிடையாது. மனைவியைக் கூப்பிட நாற்காலிக் கையில் இரண்டு தட்டுத் தட்டுவார். அதற்கு மேல் சொல்ல வேண்டியிருந்தால் சிலேட்டில் எழுதுவார்.

இதற்கெல்லாம் தையல்காரம்மா பழகிவிட்டாள். பழக முடியாதது வேறு. ஒருநாள் பகலில் சட்டைப் பொத்தானுக்குக் காஜா எடுத்துக்கொண்டிருந்தபோது அவருடைய பழைய குரலை மனசுக்குள் ஓட்டிப் பார்த்தாள். சொற்கள் வந்தன, குரல் வரவில்லை. மறுபடி முயன்றாள். தன் குரலில்தான் கேட்டது. எதிரே உட்கார்ந்து வெங்காயம் உரிக்கிற மனிதரின் குரலை, அவருக்கே தெரியாமல் தான் தொலைத்துக்கொண்டிருப்பது புரிந்ததும் ஊசியைக் கீழே வைத்துவிட்டாள். இதை யாரிடம் போய்ச் சொல்வது?

அப்போதுதான் கம்ப்யூட்டர் ஞாபகம் வந்தது. வேலையில் இருந்தபோது அவர் வீட்டில் உட்கார்ந்து அறிவிப்புகளை அதில் பேசிப் பதிவு செய்து, சரியாக வருகிறதா என்று போட்டுக் கேட்பார். கம்ப்யூட்டர் என்னவோ பத்திரமாக இருந்தது. அவர் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது வீடு மாற வேண்டி வந்தது. தம்பியைத் துணைக்கு வைத்துக்கொண்டு அவளே எல்லாவற்றையும் ஏற்றி இறக்கினாள். பாத்திரம் பண்டமெல்லாம் வண்டியின் பின்னால் குலுங்கிக்கொண்டு வர, கம்ப்யூட்டரை மட்டும் போர்வையில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு வந்தாள். அன்று முதல் அது மேசைமேல் ராஜா மாதிரி உட்கார்ந்திருந்தது. தூசி துடைப்பாளே தவிர ஒரு பட்டனைக்கூடத் தொட்டதில்லை.

கடைத்தெருவில் கம்ப்யூட்டர் ரிப்பேர் பார்க்கும் பெண் அவளிடம்தான் ஜாக்கெட் தைக்கக் கொடுப்பவள். சொல்லி அனுப்பியதும் முதுகுப் பையோடு வந்து நின்றாள். மேசையைப் பார்த்தாள், குனிந்து மேசைக்குக் கீழே பார்த்தாள்.

“கம்ப்யூட்டர் எங்கக்கா?”

“என்னம்மா, எதிர்ல வச்சுக்கிட்டே கேக்குற?”

“இது வெறும் ஸ்கிரீன்க்கா. இதுக்குக் காட்ட மட்டும்தான் தெரியும். கீழ ஒரு பெட்டி இருந்திருக்குமே?”

“அது ஸ்டெபிலைசரும்மா. பிரிட்ஜுக்கு ஒண்ணு, இதுக்கு ஒண்ணு இருந்துச்சு. இந்த வீட்டுல கரண்ட் ஏறி இறங்காதுன்னு சொன்னாங்க. ரெண்டையும் அங்கயே விட்டுட்டு வந்துட்டேன்.”

ரிப்பேர்காரி உதட்டைக் கடித்துக்கொண்டு சன்னல் பக்கம் பார்த்தாள். மைக்காரருக்கு அந்த நாகரிகமெல்லாம் இல்லை. தோள் குலுங்கக் குலுங்க, சத்தமே வராமல் சிரித்தார். பிறகு சிலேட்டை எடுத்து எழுதிக் காட்டினார்: ‘வந்த அன்னைக்கே கேட்டேன்.’

கேட்டது உண்மைதான். ஆஸ்பத்திரியிலிருந்து வந்ததும் மேசைக்குக் கீழே கையைக் காட்டி, எங்கே என்று விரலை விரித்தார். காலை நீட்டி வைக்க ஏதோ கேட்கிறார் போல என்று அவள் அன்று சாயங்காலமே ஒரு மர முக்காலி வாங்கிப் போட்டாள். பெட்டி இருக்க வேண்டிய இடத்தில் அந்த முக்காலிதான் இன்றும் இருந்தது.

“அப்பவே எழுதிக் காட்டியிருக்கலாம்ல?”

அவர் சிலேட்டைத் துடைத்தார். கொஞ்சம் யோசித்து, ‘முக்காலி நல்லா இருந்துச்சு’ என்று எழுதினார். எழுதும்போது சிரிக்கவில்லை. தன் குரலைத் தானே கேட்கிற தெம்பு இந்த மனிதருக்கு இல்லாமல்தான் இருந்திருக்கிறது என்று அவளுக்கு அந்த நிமிஷம் உறைத்தது.

பழைய வீட்டுக்கு இரண்டு பெண்களும் ஓட்டமும் நடையுமாகப் போனார்கள். அங்கே புதிதாகக் குடிவந்திருந்தவள் கொல்லைப்புறம் அழைத்துப் போய்க் காட்டினாள். பெட்டி இருந்தது, அதன் தலையில் இரண்டு பூந்தொட்டிகளும் இருந்தன.

“நல்ல உறுதியான ஸ்டெபிலைசருங்க. எவ்வளவு தண்ணி ஊத்தினாலும் அசையல,” என்றாள் அவள் பாராட்டாக.

தையல்காரம்மா தொட்டிகளை இறக்கி வைத்துப் பெட்டியைத் தூக்கினாள். பெட்டியின் அடியில் துரு ஏறியிருந்தது. திரும்பி வருகிற வழியெல்லாம் அதைக் குழந்தையைப் போல இடுப்பில் வைத்துக்கொண்டு, புடவை அழுக்கானதைக்கூடக் கவனிக்காமல் நடந்தாள்.

துணி வெட்டும் மேசையில் பழைய துணி விரித்துப் பெட்டியைக் கிடத்தினார்கள். ரிப்பேர்காரி பக்கவாட்டுத் தகட்டைக் கழற்றியதும், இவ்வளவு நாள் ஒரு ஊரையே கொல்லையில் போட்டு வைத்திருந்தோமா என்று தையல்காரம்மா திகைத்துப் போனாள். பச்சைப் பலகை நிறைய மயிரிழைக் கோடுகள், ஒன்றை ஒன்று முட்டாமல் வளைந்து வளைந்து ஓடின. எந்தக் கை இப்படி ஒரு கோடு பிசகாமல் போட்டிருக்கும்?

“இந்த மூலைல இருக்கிறது கரண்ட் பெட்டி. வீட்டுக் கரண்டை வாங்கி, தாங்குற அளவுக்குக் குறைச்சு எல்லாத்துக்கும் பிரிச்சுக் குடுக்கும். நீங்க ஸ்டெபிலைசர்னு சொன்னது முழுசா தப்பு இல்லக்கா, இந்த ஒரு மூலைக்குச் சரிதான்.”

“நீ என்னைச் சமாதானப்படுத்தாத. மேல சொல்லு.”

சின்ன விசிறியைக் கழற்றியதும் அதன் அடியில் ஒரு சதுரச் சில்லு தெரிந்தது. சட்டைப் பையைவிடச் சிறியது.

“கணக்குப் போடுறது இதுதான். பெட்டி மொத்தத்தையும் சிபியுன்னு சொல்றோம், நெசமான சிபியு இந்தத் துண்டுதான். நீங்க கண்ணை மூடித் தொறக்குறதுக்குள்ள கோடிக்கணக்குல கணக்குப் போட்டு முடிச்சுடும்.”

“இத்தனூண்டா?”

“இத்தனூண்டுதான். இது ரேம்.” நீளமான ஒரு பட்டையைத் தொட்டுக் காட்டினாள். “உங்க வெட்டுற மேசை மாதிரி. வேலை நடக்குறப்ப துணியெல்லாம் இதுலதான் விரிச்சுக் கெடக்கும். கரண்ட் போச்சுன்னா மேசை காலி. ஒண்ணும் ஞாபகம் இருக்காது.”

தையல்காரம்மா குறுக்கே கேட்டாள். “அப்ப அவர் பேசினது?”

“அது மேசைல இல்லக்கா, பீரோவுல.” அடியிலிருந்து உள்ளங்கை அகலத்தில் கனமான ஒரு டப்பாவை உருவி எடுத்தாள். “ஹார்ட் டிஸ்க். வருஷக்கணக்கா கரண்ட் இல்லாட்டியும் இது மறக்காது. உள்ள கண்ணாடி மாதிரி ஒரு தட்டு சுத்தும். அதுக்கு மேல ஊசி மாதிரி ஒண்ணு போய்ப் போய் வரும். எழுதுறது, படிக்கிறது எல்லாம் அந்த ஊசிதான்.”

“ஊசியா?” தன் தொழில் சாமான் அங்கேயும் இருப்பதைக் கேட்டு அவள் இன்னும் கிட்டே வந்தாள். “தட்டுல குத்துமா?”

“தொடவே தொடாது. தொட்டா தட்டு போச்சு. முடி நுழைய முடியாத இடைவெளில மெதந்துக்கிட்டே படிக்கும்.”

துணியைத் தொடாமல் தைக்கிற ஊசி. ஆயுசு முழுக்க ஊசியோடு கழித்தவள், அப்படி ஒன்றை மனசால்கூட நினைத்ததில்லை. அந்த டப்பாவை ஒருமுறை கையில் வாங்கிப் பார்த்தாள். அது சில்லென்று, பேசாமல் இருந்தது. இதற்குள்ளா அவர்?

“பலகை நனைஞ்சு வீணாயிடுச்சு. டப்பாவுக்குள்ள தண்ணி போயிருந்தா ஒண்ணும் செய்ய முடியாது. போகலைன்னா என் லேப்டாப்ல மாட்டிக் கேட்டுடலாம்,” என்றாள் ரிப்பேர்காரி.

பக்கத்தில் நின்று பார்க்கத் தையல்காரம்மாவால் முடியவில்லை. தையல் மெஷினில் போய் உட்கார்ந்து, அவசரமே இல்லாத ஒரு தலையணை உறையை எடுத்துத் தைக்க ஆரம்பித்தாள். முதுகுக்குப் பின்னால் வயர் மாட்டுகிற சத்தம் கேட்டது. பிறகு ரீங்காரம் ஒன்று எழுந்தது, அடங்கியது, மறுபடி எழுந்தது. அவள் மிதியை இன்னும் வேகமாக மிதித்தாள். தையல் கோணல்மாணலாகப் போயிற்று.

“ஏம்மா, அந்த மெஷினைக் கொஞ்சம் நிறுத்தேன். ரெக்கார்டு ஆகுதுல்ல.”

கால் தானாக நின்றது. “இதோ நிறுத்திட்டேங்க” என்று சொல்லிக்கொண்டே திரும்பினாள். இத்தனை வருஷப் பழக்கம், யோசிக்கவே இல்லை. மைக்காரர் நாற்காலியில் வாயை மூடி உட்கார்ந்திருந்தார்.

லேப்டாப்புக்குள்ளே ஒரு தையல் மெஷின் கடகடவென்று ஓடி நின்றது. அவளுடைய குரலே, கொஞ்சம் இளமையாக, “நிறுத்தியாச்சு, நிறுத்தியாச்சு. ஊருக்கெல்லாம் வழி சொல்றவருக்கு வீட்டுல ஒரு ஜாக்கெட் தைக்க விட மனசில்ல” என்றது. அவர் சிரிப்பது கேட்டது. அடித்தொண்டையில் தொடங்கி மூக்கில் முடிகிற சிரிப்பு. அப்படி முடியும் என்பதையே அவள் மறந்திருந்தாள். பிறகு அவர் கனைத்துக்கொண்டு, “பயணிகளின் கவனத்திற்கு” என்று ஆரம்பித்தார்.

ரிப்பேர்காரி தலையைக் குனிந்துகொண்டு வயர்களைச் சுற்றத் தொடங்கினாள். தையல்காரம்மா எழுந்து வந்து கணவரின் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். குரல் சொல்லச் சொல்ல அவர் உதடு கூடவே அசைந்தது, ஒரு வார்த்தை பிசகாமல். அறிவிப்பில் எல்லா வண்டிகளும் கிளம்பிப் போய், பதிவு முடிந்து, அறை அமைதியானது.

நாற்காலிக் கையில் இரண்டு தட்டு விழுந்தது.

“கேக்குதுங்க,” என்றாள் அவள். “எனக்கு நல்லாவே கேக்குது.”