பாதியில் அனுப்பிய யானை

எங்கள் கேமில் நீங்கள் ஒரு பெண் யானை. கூட்டத்தைக் கூட்டிக்கொண்டு சானமாவு காட்டிலிருந்து இறங்கி, ராயக்கோட்டை ரோட்டைத் தாண்டி, தைலமரத் தோப்புகளுக்குள் புகுந்து, கெலவரப்பள்ளி அணைத் தண்ணீருக்குப் போய்ச் சேர வேண்டும். அவ்வளவுதான். துப்பாக்கி கிடையாது, வில்லன் கிடையாது. நானும் என்னோடு காலேஜில் படித்த ரிஹானும் இரண்டு வருடம் உயிரைக் கொடுத்துச் செய்தது. படம் வரைவது நான், புரோகிராம் எழுதுவது அவன். பகலில் நான் ஓசூரில் ஒரு உதிரிபாகக் கம்பெனியில் குவாலிட்டி பார்க்கிறேன். அவன் கிருஷ்ணகிரியில் மாங்கூழ் கம்பெனி ஆபீசில் உட்கார்ந்திருக்கிறான்.

அடுத்த மாதம் வெளியீடு. அதற்குள் கேம் விற்கும் தளத்தில் ஆட்கள் வந்து ‘விஷ்லிஸ்ட்’ பட்டனை அழுத்தி வைக்க வேண்டும். நிறையப் பேர் அழுத்தினால் வெளியாகும் நாளில் தளமே நம்மை முன்னால் கொண்டுபோய் வைக்கும். இல்லையென்றால் கிணற்றில் போட்ட கல்தான். எங்களுக்கு அழுத்தியவர்கள் நானூறு பேர். அதில் பாதி ரிஹானின் சொந்தக்காரர்கள் என்பது என் சந்தேகம். உலகத்தில் இருக்கிற யூடியூபர்களுக்கெல்லாம் மெயில் போட்டோம். ஒரே ஒருவர் யானை அழகாக இருக்கிறது என்று பதில் எழுதினார், விளையாடவில்லை. அடுப்பில் பால் வைத்தவள் மாதிரி நான் அந்த எண்ணையே எட்டி எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தேன். இந்தப் பால் பொங்குவதாக இல்லை.

முதலில் நம் ஊர்க்காரன் பார்க்கட்டும் என்றான் ரிஹான். கேமிலிருந்தே ஒரு சின்ன வீடியோ வெட்டினான். காலைப் பனியில், பஸ் ஜன்னலிலிருந்து யாரோ நடுங்கும் கையோடு செல்போனில் எடுத்த மாதிரி. யானைக் கூட்டம் ரோட்டைத் தாண்டுகிறது; கடைசியில் கேமின் பெயரும் தேதியும் வருகின்றன. பிரமாதம், போடு என்று சொல்லிவிட்டு நான் முதல் ஷிப்டுக்குப் போனேன். கேட்டிலேயே போனை வாங்கி வைத்துக்கொள்வார்கள். அன்றைக்கு எத்தனை பாகங்களைச் சரி பார்த்தேன், எத்தனையைக் கோட்டை விட்டேன் என்று கடவுளுக்குத்தான் தெரியும்.

நாங்கள் இருவரும் ஒன்றை மறந்துவிட்டோம். ஓசூரில் யானை வீடியோவை யாரும் கடைசி வரை பார்ப்பதில்லை. முதல் தும்பிக்கை தெரிந்ததுமே பாதியை வெட்டி, ‘ஜாக்கிரதை’ என்று போட்டு எல்லா குரூப்புக்கும் தள்ளிவிடுவார்கள். யாரையும் குறை சொல்ல முடியாது, அப்படி வந்த வீடியோவால்தான் இங்கே பலர் உயிரோடு இருக்கிறார்கள்.

ஷிப்டு முடிந்து வெளியே வந்தால் கம்பெனி பஸ் ஒன்றுகூடக் கிளம்பவில்லை. சானமாவு பக்கம் யானைக் கூட்டம் ரோட்டோரமாக நிற்கிறதாம், தகவல் வரும்வரை ராயக்கோட்டை வண்டி போகாது என்றார் டிரைவர் திம்மராயன். மற்ற வண்டிகளும் அதற்குப் பின்னால் சிக்கிக்கொண்டிருந்தன. அவர் நீட்டிய போனில் என் யானை நடந்துகொண்டிருந்தது. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், எனக்கு முதலில் வந்தது பெருமை. திம்மராயன் அந்த ரோட்டில் இருபது வருடமாக வண்டி ஓட்டுகிறவர். அவரே நம்பிவிட்டார்!

கேட்டில் என் போனை வாங்கி ரிஹானைக் கூப்பிட்டேன். அவன் சந்தோஷத்தில் மூச்சுவிடாமல் பேசினான். பெங்களூர் கேமர் ஒருத்தன் விஷயத்தைக் கண்டுபிடித்து, ஒரு ஊரையே நம்ப வைத்த கேம் என்று போட்டுவிட்டானாம். விஷ்லிஸ்ட் எண் ஆயிரங்களில் ஏறிக்கொண்டிருந்தது.

“சாயங்காலம் வரைக்கும் வாயத் தொறக்காத சத்யா. நாமளே போய் பொய்னு சொன்னா மொத்தமும் அணைஞ்சிடும். பஸ் கொஞ்சம் லேட்டா போனா யாருக்கு என்ன?”

யாருக்கு என்ன என்று நானும் என்னிடம் கேட்டுக்கொண்டேன். வாயைத் திறக்கவில்லை. சைக்கிள் ஷெட்டுக்குள் நடந்தேன், திரும்பினேன், எண்ணைப் பார்த்தேன், மறுபடி நடந்தேன். இரண்டு வருட உழைப்பு ஒரு மத்தியானத்தில் பலிக்கிறது. கடைசியில் ஷெட் திண்ணையில் உட்கார்ந்தேன்.

அப்போதுதான் வீரலட்சுமி அக்கா பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். என் லைனில்தான் வேலை, வீடு சானமாவு காட்டை ஒட்டி. முகம் வெளுத்திருந்தது. அந்த வீடியோவைப் பார்த்துவிட்டு அவள் புருஷன் சென்னகிருஷ்ணனும் ஊர் ஆம்பளைகளும் பட்டாசோடு காட்டுக்குள் இறங்கிவிட்டார்களாம், கூட்டத்தை மேலே விரட்ட.

என் யானை பொய். அந்தக் காட்டில் படுத்திருக்கும் யானைகள் பொய்யில்லை.

எழுந்து நின்று எல்லோர் முன்னாலும் சொன்னேன்: அது நிஜமில்லை, கேம், நான் வரைந்தது. ஒருவரும் நம்பவில்லை. சீக்கிரம் வீட்டுக்குப் போகக் கதை விடுகிறேன் என்றுகூட ஒருத்தி சொன்னாள்.

“எங்கூர் ரோடு எனக்குத் தெரியாதா சத்யா?” என்றாள் அக்கா. “யானையப் பாக்காதவளா நானு?”

குற்றம் கண்டுபிடிப்பதற்குத்தான் எனக்குச் சம்பளம். திம்மராயனின் போனை வாங்கி, வீடியோவை நிறுத்தி, பெரிதாக்கிக் காட்டினேன். வளைவில் இருக்கும் இரும்புத் தடுப்பைக் குட்டி யானை சுற்றிப் போகவில்லை. அதன் பின்னங்கால் இரும்புக்குள்ளேயே புகுந்து வெளியே வருகிறது. வெளியீட்டுக்கு முன் சரிசெய்ய வேண்டும் என்று நான் குறித்து வைத்திருந்த பிழை. என் வேலையின் அசிங்கத்தை நானே நூறு பேருக்கு விரல் வைத்துக் காட்டினேன்.

அப்புறம் சிரிப்புதான். போன் கை மாறிக் கை மாறிப் போனது. பேய் யானை என்றார்கள், ஒருத்தி என் தலையில் குட்டினாள். திம்மராயன் வண்டியைக் கிளப்பினார், ஆட்கள் முண்டியடித்து ஏறினார்கள். அக்கா மட்டும் புருஷனுக்குப் போன் போட்டபடி நின்றாள். நாலாவது தடவைதான் எடுத்தார்.

“யானையே இல்லியாம், பொய் வீடியோவாம். திரும்பி வா.”

நான் காதை ஒட்டி வைத்துக் கேட்டேன். அந்தப் பக்கம் மூச்சிரைப்பு.

“எவ சொன்னது இல்லேன்னு? வெடி போட்டதும் தோப்பிலேர்ந்து எழுந்துச்சு. அஞ்சாறு இருக்கும். ரோட்டுக்குத்தான் வந்துனு இருக்குது.”

போன் கட்டாகிவிட்டது. அக்கா ஓடிப்போய் ராயக்கோட்டை பஸ்ஸில் தொற்றிக்கொண்டு, சீக்கிரம் எடுங்கண்ணா என்றாள். அவளுக்கு அவர் இருக்கும் இடத்துக்குப் போக வேண்டும், அவ்வளவுதான். நான் முன்னால் ஓடி டிரைவர் ஜன்னலைத் தட்டினேன்.

“எடுக்காதீங்கண்ணா. யானை ரோட்டுக்கு வருது. நெஜமா வருது.”

உள்ளே இருந்தவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். திம்மராயனும் சிரித்தபடியே கியரைப் போட்டார்.

“உங்க யானைதான மேடம்? அது ஒன்னும் பண்ணாது.”

பஸ் கேட்டைத் தாண்டியது.