மூடி இல்லாத வடிகால்

நாற்பத்தெட்டு மணி நேரம். சிதம்பரத்திலிருந்து கிள்ளை போகும் வழியில் மூடி இல்லாமல் கிடக்கும் மழைநீர் வடிகால் எந்த அரசுக்குச் சொந்தம் என்று கண்டுபிடித்து எழுத எனக்கு அவ்வளவுதான் நேரம். எழுதினால் பயிற்சி முடிந்து கடலூர் அலுவலகத்திலேயே நிருபராகத் தொடரலாம். இல்லாவிட்டால் விலங்கியல் பட்டத்தோடு வீட்டுக்குப் போகலாம்.

"சென்ட்ரல், ஸ்டேட், லோக்கல். மூணுல எதுன்னு சொல்லு, போதும்," என்றார் தலைமை நிருபர் திருநாவுக்கரசு. "விழுந்தவுங்க யாராவது பேரோட வேணும். ஆள் விழாத பள்ளம் நியூஸ் இல்லம்மா."

தலையாட்டினேன். நிருபர் செய்தியை எழுத வேண்டும், செய்திக்குள் வரக் கூடாது என்று முதல் நாளே சொல்லியிருந்தார். நோட்டில் குறித்து வைத்திருக்கிறேன்.

போன வாரம் அந்த வடிகாலின் புதிய பெயர்ப்பலகையைப் படம் எடுக்க அனுப்பினார்கள். மூடி இல்லாததை அப்போதுதான் கவனித்தேன்.

விலங்கியலில் ஓர் உயிர் ஒரு குடும்பத்தில்தான் இருக்கும். வடிகால் அப்படி இல்லை. பலகையின்படி திட்டம் மத்திய அரசுடையது, பங்களிப்பு மாநில அரசுடையது, பணி பேரூராட்சியுடையது. மூன்று பெயரும் பெரிய எழுத்தில் இருந்தன.

கடலூரில் ஓர் அலுவலகத்தில், மத்திய அரசு நிதிதான் கொடுக்கும், மூடி கொடுக்காது என்றார்கள். அதன் மேல்மாடியில் இருந்த மாநில நெடுஞ்சாலை அலுவலகத்தில், சாலை எங்களுடையது, சாலையோரம் இல்லை என்றார்கள். நோட்டில் மத்திய, மாநில, உள்ளாட்சி என்று போட்டிருந்த மூன்று கட்டங்களில் இரண்டை அடித்தேன்.

மறுநாள் வடிகாலுக்கே போனேன். வார்டு கவுன்சிலர் ஜெயராணி அங்கே நின்றிருந்தார்.

"வாம்மா பேப்பர்காரம்மா. தோ பாரு, செருப்பு கெடக்குது. எவளோ வுழுந்திருக்கா. கண்ண எங்க வச்சிருந்தாளோ!"

நீலச் செருப்பு. இடது கால். நான் என் புதுச் செருப்பைப் பார்த்தேன். அது கடிக்க ஆரம்பித்திருந்தது.

"யாருன்னு தெரியுமாக்கா?"

"தெரிஞ்சா மனு எழுத வச்சிருக்க மாட்டேன்? திங்கக்கிழம ஸ்கூல் தொறக்குது. புள்ளைங்க இப்படித்தான் வரும்."

அவர் குச்சியால் செருப்பை எடுத்து பாலிதீன் பையில் போட்டுக்கொண்டார். இருவரும் பேரூராட்சி அலுவலகம் போனோம். செயல் அலுவலர் செந்தமிழ்செல்வன் பையைப் பார்த்தார். பிறகு எங்களைப் பார்த்தார்.

"மனு எங்க?"

"இதுதான் சார் ஆதாரம்," என்று ஜெயராணி பையை மேசைமேல் வைத்தார்.

"செருப்பு கையெழுத்து போடுமாம்மா? பாதிக்கப்பட்டவுங்க பேரு போட்டு மனு வந்தா ரிஜிஸ்டர்ல ஏறும். ஏறிடிச்சின்னா வடிகால் எங்களுது. நாளைக்கே மூடி போடுவோம்."

"ஏறலன்னா சார்?" என்றேன்.

"எங்களுது இல்ல."

"அப்ப இப்ப யாருதுங்க சார்?"

அவர் யோசித்தார். "இப்ப யாருதும் இல்ல."

அதை அப்படியே எழுதிக்கொண்டேன். மூன்றாவது கட்டத்தையும் அடித்தேன். மணி நான்கு இருபது. ஐந்து மணிக்கு நாளைய பேப்பரின் பக்கம் முடிந்துவிடும்.

"நல்லா தேடும்மா," என்றார் ஜெயராணி என்னிடம். "கூச்சப்பட்டுக்கிட்டு எங்கியோ ஒக்காந்திருப்பா."

நான் ஒரு வெள்ளைத்தாள் கேட்டேன். 'அனுப்புநர்' என்று எழுதும்போது கைபேசி அடித்தது. திருநாவுக்கரசு.

"லோக்கலா, ஸ்டேட்டா?"

"இன்னும் அஞ்சு நிமிஷத்துல லோக்கல் சார்."

"விழுந்த ஆள் கெடச்சாங்களா?"

"கெடச்சிட்டாங்க சார்."

"பேரு?"

"பிரிசில்லா."

"ஒன் பேரு எனக்குத் தெரியாதா? விழுந்தவுங்க பேரு கேக்கறேன்."

ஜெயராணி என் கால்களைப் பார்த்தார். செயல் அலுவலர் பையைச் சற்றுத் தள்ளி வைத்தார்.

"போர்டுல இருக்கற மூணு அரசு பேரும் ஃபோட்டோல வரணும்னு பின்பக்கமாவே நடந்துகிட்டு போனேன் சார்," என்றேன். "விழுந்தது நான்தான்."