வயலுக்குப் போகும் சோறு

கல்யாணமான புதிதில் வடிவாம்பாள் ஊரார் நெல்லைக் குத்தினாள். உலக்கை பிடித்து உள்ளங்கை காய்த்துப்போயிருந்தது. அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு புருஷன் கணபதியப்பன் சொன்னான்: "ஒரு காலம் வரும்டி. அன்னைக்கு நீ சும்மா இருந்து திம்பே."

காலம் வந்தது. முதுகு ஒடிய உழைத்து சொந்தமாக வயல் வாங்கினான். நெல் மில்லுக்குப் போயிற்று. தண்ணீர் எடுக்க, துணி துவைக்க, வயலுக்குச் சோறு கொண்டுபோக பூங்கனி என்று ஒரு வேலைக்காரி. வடிவுக்கு ஒரு நாற்காலி வாங்கி வாசலில் போட்டான். அவள் அதில் உட்கார்ந்திருப்பதைத் தெருவில் போகிறவர்கள் பார்க்க வேண்டும். மண்ணில் கிடந்து உழைத்தவனுக்கு அதைவிடப் பெரிய கௌரவம் தெரியாது.

உட்கார்ந்து பருத்தாள். பிறகு தானாக மெலிந்தாள். ஓயாத தாகம். மூத்திரம் போன இடத்தில் எறும்பு மொய்த்தது. நாகர்கோவில் டாக்டர் நீரிழிவு என்றார். வடிவின் அக்காளுக்கு இதே நோயில்தான் காலை எடுத்தார்கள். அடுத்த மழைக்கு அவள் இல்லை.

"மருந்து தாறேன். கருப்பட்டியை நிறுத்தணும், சோத்தைக் குறைக்கணும். செருப்புப் போட்டு தினமும் நல்லா நடக்கணும். காலில புண்ணு வராமப் பாத்துக்கணும். இருந்த இடத்திலேயே இருந்தா மருந்து மட்டும் போதாது" என்றார் டாக்டர்.

வீட்டுக்கு வந்ததும் வடிவு சொல்லிவிட்டாள். "சோலியில்லாம தெருவில நடக்க எனக்கென்ன கிறுக்கா? அடுத்த வீட்டுத் தாணம்மாளு சிரிச்சே சாவா."

"பின்ன உங்க அக்கா மாதிரி..." என்றவன் மிச்சத்தை விழுங்கினான்.

மறுநாள் பூங்கனியைக் களை பறிக்க அனுப்பிவிட்டான்.

"அப்ப வயலுக்குச் சோறு?"

"நீ கொண்டு வா."

"சும்மா இருந்து திங்கச் சொன்னது நீங்கதானே?"

"சொன்னேன்தான். நடந்து வான்னும் நான்தான் சொல்லுகேன்."

புதுச் செருப்பும் தூக்குச்சட்டியுமாக, முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு வாய்க்கால் கரையில் மூச்சு வாங்க வந்தாள். அவன் சட்டியை வாங்கி வைத்துவிட்டு அவள் காலைக் கழுவித் துடைத்தான். விரல் இடுக்கெல்லாம் விரித்துப் பார்த்தான்.

"விடுங்க, ஆளுவ பாக்காவ."

"பாக்கட்டும்."

பக்கத்து வயல் தாணப்பன் பார்த்தான். "என்னவே, கூலியை மிச்சம் பிடிக்கப் பொண்டாட்டியை வெயில்ல நடத்துகீரா? நாற்காலிய வித்தாச்சா?"

ஊர் மெச்சவே வாழ்ந்த மனுஷன். "ஆமா வே, கையில கொஞ்சம் பணமுடை" என்றான்.

வடிவு நிமிர்ந்து அவன் முகத்தைப் பார்த்தாள். மறுநாள் சொல்லாமலே சோற்றோடு வந்தாள்.

அதன்பிறகு அவன் தள்ளித் தள்ளிப் போனான். கீழ வயலில் நின்றவன் மேல வயலுக்குப் போனான். பிறகு அதையும் தாண்டிக் குளத்தங்கரை வயலுக்கு. அறுவடை ஆகும்வரை அவள் விடாமல் நடந்தாள். தாகம் குறைந்தது. மூச்சு வாங்கல் நின்றது. டாக்டரே மருந்தைக் குறைத்தார்.

ஒருநாள் குளத்தங்கரையில் சட்டியை இறக்கி வைத்துச் சுற்றிலும் பார்த்தாள். அறுத்த நெல்லின் வெறும் தாள்.

"இங்கதான் அறுத்து முடிச்சாச்சே. உங்களுக்கு இங்க என்ன சோலி?"

அவன் தலையைச் சொறிந்தான்.

"நாளைக்குப் பேச்சிப்பாறை அணையில போய் இருங்க. சோறு அங்கயும் வரும்."

கரையில் ஆட்கள் போய்க்கொண்டிருந்தார்கள். வடிவு செருப்பைக் கழற்றிவிட்டு, அவளாகவே காலை அவன் பக்கம் நீட்டினாள்.