ஆங்கிலத்தில் சொல்லும் சேதி

ஞாயிற்றுக்கிழமை நாலு மணிக்கு அக்காவோடு வருகிறேன் என்று சொன்ன நாகராஜ் வரவில்லை.

முத்துமாரி பக்கத்து வீட்டு ருக்சானாவிடம் இரண்டு பிளாஸ்டிக் நாற்காலிகளை இரவல் வாங்கிப் போட்டிருந்தாள். தாராவியில் அவளுடைய ஒற்றை அறையில் நாற்காலி கிடையாது. அம்மா போனபிறகு வந்து உட்காரவும் ஆள் கிடையாது. கட்டிலில் உட்கார்ந்து அந்த நாற்காலிகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஆறு மணிக்கு அவனுக்குப் போன் போட்டாள். அடித்து ஓய்ந்தது. கேசரியை டப்பாவில் அடைத்து, நாற்காலிகளோடு ருக்சானாவிடம் கொடுத்தாள். வந்தார்களா என்று ருக்சானா கேட்கவில்லை. டப்பாவின் கனத்திலேயே தெரிந்துகொண்டாள்.

திங்கட்கிழமை வழக்கம்போல கிங்ஸ் சர்க்கிளுக்கு வேலைக்குப் போனாள். பூக்கடைக்கு மேலே, மாடியில், பிரம்மநாயகத்தின் கல்யாணத் தகவல் நிலையம். இரண்டு மேசை, ஒரு கண்ணாடி அறை. ஒரு தரப்புக்கு மனசு மாறிவிட்டால் இன்னொரு தரப்புக்குப் போன் பண்ணிச் சொல்வது முத்துமாரியின் வேலை. அதற்கு முதலாளி அண்ணாச்சி ஒரு வழி வைத்திருந்தார்.

"வேண்டாம்னு தமிழ்ல சொன்னா சண்டைக்கு வருவான். இங்கிலீஷ்ல சொல்லு, தேங்க்யூம்பான்."

பதினோரு வருடத்தில் அவளுக்கு எல்லாம் மனப்பாடம். ஒருநாள் ஆசையாகவும் மறுநாள் பட்டும் படாமலும் பேசுகிறவர்களுக்கு 'ப்ளோயிங் ஹாட் அண்ட் கோல்ட்'. நிச்சயம் வரை வந்து தொங்கலில் நிற்கும் இடத்துக்கு 'டச் அண்ட் கோ'. பத்து இடம் பார்த்தும் அமையாதவர்களிடம், குலுக்கலில் இந்த முறை பேர் வரவில்லை என்பதற்கு, 'லக் ஆஃப் தி ட்ரா'. அடிக்கடி மாறும் மனசுக்கு 'ஃபிக்கிள்' என்று ஒரு வார்த்தை உண்டு. அதைப் போனில் சொல்லக்கூடாது, வரனின் விவரக் கார்டில் மட்டும் எழுதலாம். கடைசி நேரத்தில் பயந்து ஒதுங்கும் மாப்பிள்ளைக்கு 'கோல்ட் ஃபீட்'. அதைக் கேட்ட, மான்குர்தில் இருக்கும் பெண்ணின் அப்பா ஒருவர், "காலு சில்லுனு இருக்கா? சுகர் மாப்பிள்ளையா? அப்ப நாங்களே வேண்டாங்கோம்" என்று சந்தோஷமாகப் போனை வைத்துவிட்டார்.

நாகராஜின் கார்டில் 'ஹாட் அண்ட் கோல்ட்' என்று முத்துமாரியே இரண்டு தடவை எழுதியிருந்தாள். நாற்பது வயது. லிஃப்ட் கம்பெனியில் சூப்பர்வைசர். ஒவ்வொரு இடத்தையும் வேண்டாம் என்று சொல்ல நேரிலேயே வருவான். டீ குடித்துவிட்டு, "உங்கட்ட பேசுனா மனசு லேசாயிருது" என்பான். போன மாதம், "உங்க கார்டு இந்தப் பெட்டியில இருக்கா?" என்று கேட்டான்.

"இங்க வேலை பாக்கவங்க கார்டு போடக்கூடாது."

"அப்ப வீட்டுக்கே வாரேன்."

சரியான இடம் வரும்வரை யார்தான் மாறமாட்டார்கள் என்று அன்றைக்குத் தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

பதினொரு மணிக்கு மேசைப் போன் அடித்தது. கண்ணாடி அறைக்குள்ளிருந்து அண்ணாச்சி. அவளுக்கு முதுகு காட்டி உட்கார்ந்திருந்தார்.

"மாரி, நாகராஜ் பேசுனான். பார்ட்டிக்கு ஒரு சேஞ்ச் ஆஃப் ஹார்ட்..."

பழக்கத்தில் பேப்பரில் தேதியை எழுதினாள். பிறகு பேனாவை மூடினாள்.

"அண்ணாச்சி, தமிழ்ல சொல்லுங்க."

அவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றுவது தெரிந்தது.

"வேண்டாங்கான்ம்மா."

"ஏன்?"

இந்தக் கேள்வியை எத்தனையோ பேர் அவளிடம் கேட்டிருக்கிறார்கள். அவளே கேட்பது இதுதான் முதல் தடவை.

"செம்பூர் ஷாலினி, பேங்க் வேலை பாக்குதே, அவங்க பங்குனியில மாட்டோம்னாங்கள்ல? சனிக்கிழமை மறுபடி சரின்னாங்க. நாந்தான் அவன்ட்ட சொன்னேன். உன் விஷயம் எனக்குத் தெரியாதும்மா. இப்பத்தான் சொல்லுதான்."

"செம்பூருக்கு யாரு சொல்லுதது?"

"நான் பாத்துக்கிடுதேன். நீ வீட்டுக்குப் போ."

"வீட்டுல யாரு இருக்கா, அண்ணாச்சி? நானே பேசுதேன்."

செம்பூரில் ஷாலினியின் அம்மா முப்பிடாதியம்மாள் எடுத்தாள். மாப்பிள்ளைக்குச் சம்மதம் என்றதும் அந்த அம்மாளுக்குக் குரல் இளகியது.

"ஆளு எப்படிம்மா? நம்பலாமா?"

நல்ல இடம் அம்மா என்றுதான் எப்போதும் சொல்வாள். இன்றைக்கு வாய் வரவில்லை. கோபத்தில் சொல்கிறோமா, உண்மைக்காகச் சொல்கிறோமா என்று அவளுக்கே பிரித்துப் பார்க்கத் தெரியவில்லை.

"இன்னைக்கு ஒண்ணு சொல்லுவாரு, நாளைக்கு ஒண்ணு சொல்லுவாரும்மா. நேத்து தாராவியில ஒரு இடத்துக்கு வாரேன்னு சொல்லியிருந்தாரு. போகல."

"அடப்பாவி. அந்தப் பிள்ள காத்துக் கெடந்திருக்குமே."

"கெடந்துச்சு."

"பலகாரம்லாம் பண்ணி வச்சிருக்கும்."

"பண்ணியிருந்துச்சும்மா."

"வயசென்ன அதுக்கு?"

"முப்பத்தாறு."

"முப்பத்தாறா. எங்க சொந்தத்துல ஒரு பையன் இருக்கான். ஆனா முப்பதுக்குள்ளல்லா கேக்காவ."

"அப்படித்தான் கேப்பாங்க."

முப்பிடாதியம்மாள் பெருமூச்சு விட்டாள். "என் மவளும் மாசத்துக்கு ஒண்ணு சொல்லுதவதான். காலையில சரிம்பா, சாயங்காலம் முடியாதும்பா. ஒண்ணுக்கு ஒண்ணு சரியாப் போவும். பக்கான்னே வச்சிக்க. வெள்ளிக்கிழமை அஞ்சு மணிக்கு அவர வரச் சொல்லிரும்மா."

"சொல்லுதேன்மா."

கொஞ்ச நேரம் ரிசீவரைக் கையிலேயே வைத்திருந்தாள். சொல்ல வேண்டியதைச் சொல்லியாகிவிட்டது. அதனால் யாருக்கும் எதுவும் மாறவில்லை. கீழே பூக்கடையில் யாரோ மராத்தியில் மாலைக்குப் பேரம் பேசினார்கள். கண்ணாடி அறையில் அண்ணாச்சி இப்போது திரும்பி அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

நாகராஜின் நம்பரை அழுத்தினாள். நிலையத்து ஆபீஸ் நம்பரிலிருந்து வந்த போன் என்பதால் உடனே எடுத்தான்.

"அண்ணாச்சி?"

"முத்துமாரி பேசுதேன்."

அவன் மூச்சு விடுவது கேட்டது. "நேத்து போன எடுக்காதது தப்புதான். எனக்கே என்ன வேணும்னு எனக்கு..."

"வெள்ளிக்கிழமை அஞ்சு மணி, செம்பூர். அட்ரஸ் எழுதிக்கிடுதீங்களா?"

பேனா தேடும் சத்தம். அவள் ஸ்டேஷனிலிருந்து எந்தப் பக்கம் இறங்க வேண்டும், எந்த முனையில் திரும்ப வேண்டும், எத்தனையாவது மாடி என்று நிதானமாகச் சொன்னாள். அவன் ஒவ்வொன்றையும் திருப்பிச் சொல்லி எழுதிக்கொண்டான். எழுதி முடித்த பிறகும் போனை வைக்கவில்லை. அவளும் வைக்கவில்லை.

"முத்துமாரி," என்றான்.

அந்தக் குரலை அவளுக்கு இன்னமும் பிடித்திருந்தது.

"வழி தெரியலன்னா இந்த ஆபீஸ் நம்பருக்கே அடிங்க," என்றாள். "என் நம்பருக்கு வேண்டாம்."