மங்கலாக வந்த படம்

தமிழ்ச்செல்வியின் போனில் இடமே கிடையாது. மகள் கீர்த்தி தீபாவளிக்கு வாங்கிக் கொடுத்த மலிவு விலை போன் அது. அதில் பாதி இடத்தைக் கம்பெனிக்காரனே அடைத்து வைத்திருந்தான். மீதியைத் தெய்வங்கள் பிடித்துக்கொண்டார்கள். சொந்தக்காரர்கள் குரூப்பில் செவ்வாய்க்கு முருகன், வெள்ளிக்கு அம்மன், சனிக்கு ஆஞ்சநேயர் என்று விடிந்ததும் விடியாததுமாக வந்து இறங்குவார்கள். ஒருவரைக்கூட அவள் அழித்ததில்லை.

"சாமிய எப்பிடிடி வெரலால தள்ளி குப்பையில போடறது?" என்று மகளைக் கேட்டாள்.

கீர்த்தி, "அப்ப ஒன் போனு இப்பிடித்தான்மா இருக்கும்" என்று விட்டுவிட்டாள்.

இப்படி என்றால், புதிதாக வரும் படம் எதுவும் திறக்காது. மார்கழி மாதத்துப் பஸ் கண்ணாடி போல மங்கலாகத் தெரியும். நடுவில் ஒரு வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கும். தமிழ்ச்செல்விக்கு அது ஒரு குறையாகவே படவில்லை. நிறத்தை வைத்தே எந்தச் சாமி என்று சொல்லிவிடுவாள். அதில் அவளுக்குக் கொஞ்சம் பெருமைகூட உண்டு.

அந்தப் புதன்கிழமை மாட்டுக்குத் தவிடு கலக்கிவிட்டு வந்து போனை எடுத்தால், குரூப்பில் அவளுடைய அண்ணன் புருஷோத்தமன் வந்திருந்தார். மங்கல்தான். ஆனாலும் கூடப் பிறந்தவரின் நெற்றியும் மீசையும் தெரியாமலா போய்விடும்? வெள்ளைச் சட்டை, கழுத்தில் மாலை, சுற்றிலும் கறுப்பு, மேலே பெரிய எழுத்தில் இரண்டு வரி. எழுத்துதான் படிக்க வரவில்லை. படத்துக்குக் கீழே சித்தப்பா, பெரியம்மா மகன், மச்சினிச்சி என்று ஆளாளுக்கு ஒரு கும்பிடு பொம்மை போட்டிருந்தார்கள். வேறு ஒரு வார்த்தை கிடையாது.

யாராவது செத்தால்தான் குரூப்பில் இப்படி வரிசையாகக் கும்பிடுவார்கள். தமிழ்ச்செல்வி படத்தை இன்னொரு தடவை தொட்டுப் பார்த்தாள், வட்டம்தான் சுற்றியது.

அண்ணனும் தங்கையும் பேசி ஐந்து வருடம் ஆகிறது. கீர்த்தியின் கல்யாணப் பத்திரிகையில் தாய்மாமன் பெயர் மூன்றாவது வரிக்குப் போய்விட்டது. பங்காளிகள் பெயரெல்லாம் மேலே, மாமன் பெயர் கீழேயா என்று புருஷோத்தமன் முறுக்கிக்கொண்டு கல்யாணத்துக்கே வரவில்லை. மாமன் மாலையை யாரோ ஒன்றுவிட்ட மாமன் வந்து போட்டான். சபை நடுவில் பட்ட அவமானம் பொறுக்காமல் தமிழ்ச்செல்வி, "அவன் செத்தாலும் அந்த வூட்டு வாசப்படிய மிதிக்க மாட்டேன்" என்று நாலு பேர் கேட்கச் சத்தியம் செய்திருந்தாள். அண்ணன் நம்பரையும் மகளை விட்டு பிளாக் செய்ய வைத்தாள்.

இப்போது யாரைக் கேட்பது? கீர்த்திக்குப் போட்டாள், மணி அடித்துக்கொண்டே இருந்தது. வேலை செய்கிற இடத்தில் ஷிப்ட் முடியும்வரை போனை வாசலிலேயே வாங்கி வைத்துவிடுவார்கள். குரூப்பில் வேறு யாரையாவது கேட்டால், கூடப் பிறந்தவளுக்கே சொல்லிவிடவில்லையா என்று ஊர் சிரிக்கும். சாவு வீட்டுக்கே போன் போட்டு நிஜந்தானா என்று கேட்கிற வழக்கம் எங்கேயும் இல்லை. தனக்கு ஒரு ஆள்கூடத் தகவல் சொல்லவில்லையே என்பதுதான் அவளுக்கு எல்லாவற்றையும்விட வலித்தது.

சத்தியம் எங்கே போனதோ தெரியாது. நெல் மூட்டைகளோடு கொள்முதல் நிலையத்தில் காத்துக்கிடந்த கணவன் வேதகிரிக்குத் தகவல் கொடுக்கும்படி பக்கத்து வீட்டில் சொல்லிவிட்டு, உத்திரமேரூர் போய்ப் பஸ் மாறினாள். வாலாஜாபாத்தில் இறங்கி ஒரு சாமந்தி மாலை வாங்கினாள். தென்னேரி போய்ச் சேரும்வரை மாலைப் பொட்டலத்தை மடியில் வைத்துக்கொண்டு ஒருவரோடும் பேசவில்லை.

தெருமுனையில் திரும்பினால் அண்ணன் வீட்டு வாசலில் ஷாமியானா போட்டிருந்தது. பிளாஸ்டிக் சேர் போட்டு ஆட்கள் உட்கார்ந்திருந்தார்கள். மேளக்காரர்கள் ஓரமாக நின்று டீ குடித்தார்கள். இன்னும் என்ன அத்தாட்சி வேண்டும்? எழவுக்குப் போகிற பெண்கள் எப்படித் தெருமுனையிலேயே ஆரம்பிப்பார்களோ, அப்படியே கொண்டையை அவிழ்த்துவிட்டு, மாரில் அடித்துக்கொண்டு ஓடினாள்.

"என் கூடப் பொறந்த ராசாவே! தென்னேரி ஏரி நெறஞ்சி கெடக்குதே, பாக்காத போனியே! எம் பொண்ணு கல்யாணத்துல, தாலி கட்டி முடியற மட்டும், ஒனக்குன்னு ஒரு சேரு காலியா வெச்சிக்கினு வாசலையே பாத்துக்கினு இருந்தனே! நீ வரலியே அண்ணா, நீ வரலியே!"

பந்தலில் இருந்தவர்கள் எழுந்துவிட்டார்கள். வீட்டுக்குள்ளிருந்து வேட்டியைத் தூக்கிப் பிடித்தபடி ஒருவர் ஓடிவந்தார். வலது கையில் சாம்பார் சோறு ஒட்டிக்கொண்டிருந்தது.

"இன்னாம்மா, யாருக்கு இன்னா ஆச்சி? மாப்பிள்ளைக்கா?"

தமிழ்ச்செல்வி நிமிர்ந்து பார்த்தாள். அதே நெற்றி, அதே மீசை.

"நீ சாவலியா?" என்று கேட்டுவிட்டாள்.

மேளக்காரர் ஒருவருக்கு டீ புரையேறியது. அண்ணி சுதா ஆவேசமாக வந்தாள். "நல்ல நாளும் அதுவுமா வாசல்ல ஒப்பாரி வெக்கத்தான் அஞ்சி வருசம் கழிச்சி வந்தியா?" என்று கத்தினாள். அப்போதுதான் பந்தலில் கட்டியிருந்த பேனர் தமிழ்ச்செல்வியின் கண்ணில் பட்டது. அதே படம், மங்கல் இல்லாமல். ஏரிப் பாசன சங்கத்தின் புதிய தலைவரை வாழ்த்துகிறோம் என்று போட்டிருந்தது. தங்க எழுத்து எடுப்பாகத் தெரியட்டும் என்று டிசைன் போட்டவன் பின்னால் கறுப்பை அடித்திருந்தான். அந்தக் கும்பிடெல்லாம் தலைவருக்குப் போட்ட கும்பிடு.

அண்ணன் உயிரோடு இருக்கிறார் என்ற நிம்மதி ஒரு நொடிதான் இருந்தது. பின்னாலேயே வந்த வெட்கம் அவளைப் பிடுங்கித் தின்றது. விசும்பிக்கொண்டே போனில் படம் திறக்காத கதையைச் சொன்னாள். யாரும் சிரிக்கவில்லை.

புருஷோத்தமன் போனைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. "சேரு காலியா வெச்சிக்கினு இருந்தியா?" என்றார்.

"இருந்தேன்."

"எனுக்கு யாரும் சொல்லலியே."

தமிழ்ச்செல்வி தலையை முடிந்துகொண்டாள். மாலைப் பொட்டலத்தை எடுத்துக்கொண்டு ஒருவர் முகத்தையும் பார்க்காமல் நடந்தாள். நாலு எட்டு போயிருப்பாள்.

"தமிழு" என்று கூப்பிட்டார். "சொல்லிக்காத போறியே. இது இன்னா எயவு வூடா?"

எழவு வீட்டிலிருந்து யாரும் சொல்லிக்கொண்டு கிளம்புவதில்லை. பந்தலில் இருந்த எல்லோருக்கும் அது தெரியும். அவளுக்கும் தெரியும். நின்று திரும்பினாள். அவர் கையில் சோறு காய்ந்துபோயிருந்தது.

"மொதல்ல கைய கயுவு" என்றாள். "போய்ட்டு வரேண்ணா."